ஓடும் பொருளை லேசரால் அளந்து ஏமாந்த அனுபவங்கள்

கன்வேயர் பெல்ட்டுக்கு மேலே லேசர் ஸ்கேனர் பொருத்திய முதல் மாதத்தில் எனக்கும் தகடு வெட்டும் பிரிவுக்கும் நாள்தோறும் வாக்குவாதம். 1,200 மில்லிமீட்டரில் வெட்டிய தகடு என் திரையில் 1,212 என்று வரும். திருப்பி அனுப்புவேன். அவர்கள் டேப் வைத்து அளந்து, தகட்டின் மேல் சாக்பீஸால் 1,200 என்று பெரிதாக எழுதி மறுபடியும் என்னிடமே அனுப்புவார்கள். ஸ்கேனரோடு வந்த விவரத்தாளில் பிழை 0.1 மில்லிமீட்டருக்குள் என்று அச்சிட்டிருந்தது. நான் அச்சை நம்பினேன், சாக்பீஸை நம்பவில்லை.

தகட்டின் தடிமன் ஒவ்வொரு முறையும் சரியாக வந்ததுதான் என்னை ஏமாற்றியது. உயரத்தை இவ்வளவு நன்றாக அளக்கிற கருவி நீளத்தில் மட்டும் எப்படித் தவறும் என்று நினைத்தேன். கடைசியில் காட்டிக்கொடுத்தது, தகட்டின் நடுவில் இருந்த 100 மில்லிமீட்டர் துளை. அதன் விளிம்புப் புள்ளிகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். பெல்ட்டின் குறுக்கே 100, பெல்ட் ஓடும் திசையில் 101. டிரில் வட்டமாகத்தான் துளைக்கும். நீள்வட்டமாகத் துளைக்க அதற்குத் தெரியாது. ஆகவே நீண்டது தகடு அல்ல, என் கணக்கு.

எங்கள் ஸ்கேனர் பெல்ட்டின் குறுக்கே ஒரு லேசர்க் கோட்டை விழவைத்து, கேமராவால் அதைப் பார்த்து, நொடிக்கு 1,000 குறுக்குவெட்டுகள் எடுக்கும். பெல்ட் நொடிக்கு 500 மில்லிமீட்டர் ஓடுகிறது என்று மென்பொருளில் எழுதிவைத்திருந்தோம். அதன்படி அடுத்தடுத்த இரண்டு குறுக்குவெட்டுகளுக்கு நடுவே அரை மில்லிமீட்டர். ஒரு தகட்டுக்கு 2,400. பெல்ட்டில் சுமை கூடியதும் மோட்டார் ஒரு சதவீதம் தளர்ந்தது. தகடு ஸ்கேனரைக் கடக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டது. 2,424 குறுக்குவெட்டுகள் விழுந்தன. மென்பொருள் அவற்றை அரை அரை மில்லிமீட்டராக அடுக்கி 1,212 என்று சொல்லிவிட்டது. வேகம் என்று நாங்கள் எழுதிய எண் பொய்யாகிவிட்டது அதற்கு எப்படித் தெரியும்?

பெல்ட் உண்மையில் எவ்வளவு நகர்ந்தது என்று எண்ணும் என்கோடர் மாட்டினோம். இப்போது கடிகாரம் அல்ல, பெல்ட்டின் மேல் உருளும் ரப்பர்ச் சக்கரம்தான் ஸ்கேனருக்குக் கட்டளை தருகிறது. கொஞ்ச காலம் நிம்மதி. பிறகு எண்ணெய் படிந்த நாளில் சக்கரம் வழுக்கியது, தகடுகள் குட்டையாகின. வழுக்கலைச் சரிசெய்தால், சில மாதங்களில் ரப்பர் தேய்ந்து தகடுகள் மறுபடி நீண்டன. சுற்றளவு 200 மில்லிமீட்டர் உள்ள சக்கரத்தின் விட்டம் வெறும் 0.6 மில்லிமீட்டர் தேய்ந்தாலே 1,200 மில்லிமீட்டர் தகட்டில் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் கூடிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது: இத்தனை விலை கொடுத்து வாங்கிய லேசரின் துல்லியம் ஒரு ரப்பர் வளையத்தின் தயவில் இருக்கிறது.

உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

*

கப்பல்களில் அளவெடுப்பவன் எழுதுகிறேன். எனக்கு நேர்ந்தது தலைகீழ். பொருளும் நானும் சேர்ந்தே ஆடினோம்.

மிதந்துகொண்டிருந்த கப்பலின் இயந்திர அறைக்குள் முக்காலி வைத்து, சுற்றிச் சுழன்று அளக்கும் லேசர் ஸ்கேனர் ஓட்டினேன். கப்பல் மெல்ல அசைந்தாலும் சுவர், குழாய், முக்காலி எல்லாம் ஒன்றாகத்தானே அசைகின்றன, அளவு கெடாது என்பது என் நம்பிக்கை. நியாயமான நம்பிக்கைதான். ஆனால் முடிவைத் திறந்தால் நேர்க்குத்தான சுவர் நீரலைபோல நெளிந்திருந்தது. காரணம், ஸ்கேனருக்குள் இருக்கும் சாய்வுத் திருத்தி. புவியீர்ப்புத் திசையைப் பார்த்து, கருவி சாய்ந்ததாக எண்ணி, ஒவ்வொரு புள்ளியையும் அது அக்கறையாக 'நேராக்கி' இருக்கிறது. கரையில் அது வரம். மிதக்கும் கப்பலில் அதுவே வினை. அன்று முதல் கப்பலில் ஏறினால் முதல் வேலை அதை அணைப்பது. கரைக்குத் திரும்பியதும் மறுபடி போட மறந்து ஒருமுறை மாட்டிக்கொண்டேன், அது வேறு கதை.

கூடுதலாக ஒன்று. மேல்தளத்தில் வெயில் ஏறும்போது கப்பலின் உடலே கொஞ்சம் வளையும். காலையில் எடுத்த ஸ்கேனையும் நண்பகலில் எடுத்ததையும் ஒட்டினால் பொருந்தாமல் போவதற்கு இதுவும் காரணம். இப்போதெல்லாம் விடியற்காலையிலேயே முடித்துவிடுகிறேன்.

*

ஒரு சந்தேகம். ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. அதன் முன் எந்தப் பொருளின் ஓட்டமும் ஒரு பொருட்டா?

*

ஒரு புள்ளிக்கு நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. 10 மீட்டர் தள்ளி இருக்கும் பொருளைத் தொட்டுத் திரும்ப ஒளிக்கு 67 நானோநொடி போதும். அதற்குள் நொடிக்கு 20 மீட்டர் ஓடும் வண்டி 1.3 மைக்ரோமீட்டர்தான் நகரும். சிக்கல் ஒரு புள்ளியில் இல்லை. முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் இடையே போன நேரத்தில் இருக்கிறது.

நான் வண்டியின் கூரையில் லைடார், அதாவது சுழன்றபடி லேசரால் தூரம் அளக்கும் கருவி, வைத்துச் சாலைகளை அளக்கிறேன். அது நொடிக்கு 10 முறை சுற்றும். ஒரு சுற்று முடிவதற்குள் என் வண்டி 2 மீட்டர் போய்விடுகிறது. என் ஓட்டத்தைச் சென்சார்கள் கொண்டு திருத்திவிடலாம், கட்டடங்கள் நேராகிவிடும். எதிரே வரும் லாரி நேராகாது, ஏனென்றால் அதன் வேகம் என் கருவிக்குத் தெரியாது. லாரி 36 பாகை அகலம் தெரிந்தால், அதைத் தடவிச் செல்ல கதிருக்கு 10 மில்லிநொடி ஆகிறது. லாரியும் நொடிக்கு 20 மீட்டர் வேகம் என்றால் 20 சென்டிமீட்டர் இழுபட்டோ சுருங்கியோ பதிவாகும். இழுபடுமா, சுருங்குமா என்பது கதிர் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதைப் பொறுத்தது.

இதைவிட என்னை அலைக்கழித்தது விளக்குக் கம்பம். ஒரே சாலையில் போனபோதும் திரும்பியபோதும் அளந்தேன். வரைபடத்தில் ஒவ்வொரு கம்பமும் இரண்டிரண்டாக, 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நின்றன. செயற்கைக்கோள் சமிக்ஞை சரியில்லை என்று 2 வாரம் அதன் மேல் பழி போட்டேன். உண்மையில் லைடாரின் கடிகாரம் 5 மில்லிநொடி பிந்தியிருந்தது. போகும்போது 10 சென்டிமீட்டர் ஒரு பக்கம், வரும்போது 10 சென்டிமீட்டர் மறுபக்கம். ஒரே திசையில் மட்டும் ஓட்டியிருந்தால் கம்பங்கள் அழகாக ஒற்றையாகத் தெரிந்திருக்கும்; எல்லாம் தவறான இடத்தில்.

*

தகடு பற்றி எழுதியவன்தான். லைடார் வண்டி ஓட்டும் நண்பர் சொன்னதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்களிடம் கருத்த, எண்ணெய்ப் பூச்சுள்ள தகடுகள் வரும்போது லேசர்க் கோடு மங்கலாகத் தெரியும். இயக்குபவர் கேமராவின் எக்ஸ்போஷரை, அதாவது அது ஒளி வாங்கும் நேரத்தை, ஏற்றிவிடுவார். படம் பளிச்சென்று வரும். அந்த நேரத்துக்குள் தகடு நகர்ந்திருக்கும். விளிம்பு தேய்த்த பென்சில் கோடுபோல இருக்கும். அளவு நன்றாக இருக்க வேண்டுமானால் இருட்டான படத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அல்லது லேசரின் திறனைக் கூட்ட வேண்டும். இதை அவருக்குப் புரியவைக்க எனக்கு மூன்று ஷிப்ட் ஆனது.

இப்போது நான் செய்வது இது. நீளமும் துளைகளும் தெளிவாகத் தெரிந்த ஒரு தகட்டைத் தனியாக வைத்திருக்கிறேன். காலையில் பெல்ட் காலியாக இருக்கும்போது ஒருமுறை, சுமை ஏறிய பிறகு ஒருமுறை, வேலை வேகத்திலேயே ஓடவிடுவேன். நிறுத்திவைத்து அளந்த கணக்கை ஏட்டில் ஏற்றுவதே இல்லை. நேற்று 1,200.3, 1,200.4.

இது இரண்டாவது தகடு. முதலாவதைச் சரக்கோடு சரக்காக ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அதனால் இதற்குச் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறேன், அடிப்பக்கத்தில் மட்டும். மேலே பூசினால் எங்கள் சிவப்பு லேசருக்கு அது மற்றத் தகடுகளைவிடப் பளிச்சென்று தெரியும், பிறகு அதற்கொரு வாக்குவாதம் வரும்.