மெட்டல் டிடெக்டர் வச்சு வெள்ளிக்காசு ஒரிஜினலா டூப்பா எண்டு பாக்கலாமா?

வெள்ளவத்தைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். லண்டன் மாமா போன முறை வந்து போகேக்க அவற்ற பழைய மெட்டல் டிடெக்டரை எங்கட வீட்டில விட்டுட்டுப் போயிட்டார், அங்க கடற்கரையில காசு மோதிரம் தேடுற ஆக்கள் கொண்டு திரிவினமே அந்த மாதிரி, வட்டக் கொயில், ஸ்கிரீன்ல 0 இலிருந்து 99 வரைக்கும் நம்பர் காட்டும். எனக்கு பழைய காசு சேக்கிற பைத்தியம் கொஞ்சம் இருக்கு. புறக்கோட்டைப் பக்கம் ஒருத்தர் வெள்ளைக்காரன் காலத்து இந்திய ரூபா, விக்டோரியா ராணி ரூபா, ஜோர்ஜ் ராசா ரூபா எல்லாம் வச்சு விக்கிறார், ஒரு அவுன்ஸ் வெள்ளி பார் எண்டு பிளாஸ்டிக்கில சீல் பண்ணின கட்டியும் காட்டினவர். உரைச்சுப் பாக்க விடமாட்டாராம், கீறு விழுந்தா பெறுமதி போயிடும் எண்டு, அதுவும் நியாயம்தான். வெள்ளி எண்டா டிடெக்டர்ல நம்பர் உச்சிக்குப் போகும், டூப் எண்டா கீழ நிக்கும் எண்டு ஒரு வீடியோவில பாத்தன். நம்பலாமா?

சோல்டர் மச்சான்:
பாதி நம்பலாம். அந்த மெஷின் வெள்ளியா இல்லையான்னு பாக்கிறதில்ல, முதல்ல அத விளங்கிக்கோங்க. கொயில்ல இருந்து போற காந்தப்புலம் காசுக்குள்ள சுழல் மின்னோட்டத்த உண்டாக்கும், அது எவ்வளவு லேசா ஓடுது எவ்வளவு நேரம் நிக்குதுங்கிறதத்தான் நம்பரா காட்டுது, அதாவது உலோகத்தோட மின்கடத்துதிறனும் காசோட சைஸும் தடிப்பும் சேர்ந்த ஒரு கலவை. செம்புக்கு 100ன்னு வச்சா சுத்த வெள்ளி ஒரு 105 கிட்ட, பித்தளை 28 அளவில, ஈயம் 8, ஜெர்மன் சில்வர் (பேர்தான் சில்வர், செம்பு நிக்கல் நாகம் கலந்தது, வெள்ளியே இல்ல) 5 6 தான் வரும். அதனால ஜெர்மன் சில்வர், ஈயம், குப்ரோநிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்தது) இதுல எல்லாம் வார்த்த டூப் காசு உங்க மெஷின்ல அப்பட்டமா மாட்டும், மேல முலாம் போட்டிருந்தாலும் மாட்டும், ஏன்னா முலாம் மைக்ரோன் கணக்கு, சாதாரண டிடெக்டர் ஓடுற 10 கிலோஹேர்ட்ஸ் பக்கம் சிக்னல் வெள்ளிக்குள்ள ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் வரைக்கும் இறங்கும். ஆனா உள்ள செம்பு மேல வெள்ளின்னு செஞ்சிருந்தா போச்சு, ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே நம்பர்தான். இப்ப டூப் அடிக்கிறவனுக்கும் அது தெரியும்.

சைஸ் விசயத்தையும் மறக்க வேணாம், பழைய சிலோன் 10 சதம் வெள்ளிதான், ஆனா குட்டிக்காசு, அது ஒரு பெரிய செம்புக் காசை விட கீழ காட்டும். அதனால வெறும் நம்பரப் பாத்து ஒண்டும் சொல்ல ஏலாது, அதே சைஸ்ல நிச்சயமா ஒரிஜினல்னு தெரிஞ்ச ஒண்ட பக்கத்துல வச்சு ஒப்பிடணும். உங்ககிட்ட 1984 ரெண்டு ரூபா இருந்தா அது நல்ல சாம்பிள், குப்ரோநிக்கல், 28.5 மில்லிமீட்டர், பழைய ராணி ரூபாவோட கிட்டத்தட்ட ஒரே அகலம். அது எங்க நிக்குதுன்னு பாத்து வைங்க, ராணி ரூபா அதுக்கு எவ்வளவோ மேல நிக்கணும். இப்ப புழங்குற காசு எடுக்காதீங்க, அதுகள்ல கூடுதலானது முலாம் போட்ட இரும்பு இல்லாட்டி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மெஷின் குழம்பிரும்.

இன்னொண்டு, ஃப்ளாட் வீட்டுத் தரையில வச்சு பாக்காதீங்க, கொங்கிறீட்டுக்குள்ள கம்பி இருக்கு. மரமேசையில, அதுலயும் ஆணி இல்லாத இடமா பாத்து, கொயிலை அசையாம பிளாஸ்டிக் டப்பா மேல வச்சு காசை ஒரே உயரத்துல முன்னுக்குப் பின்னுக்கு ஆட்டுங்க. கையில மோதிரம், மணிக்கூடு வேணாம், ஃபோனையும் வைஃபை ரவுட்டரையும் தள்ளி வைங்க, இல்லாட்டி நம்பர் பைத்தியம் மாதிரி துள்ளும்.

பழங்காசு கொட்டாஞ்சேனை:
மேல தம்பி சொன்னது சரி. நான் சொல்றது டிடெக்டரோட தண்ணித் தராசையும் சேருங்க, அப்ப கள்ளனுக்கு ஏமாத்துறது கஷ்டம். பாருங்க, வெள்ளியோட அடர்த்தி 10.49, செம்பு 8.96. டிடெக்டரை ஏமாத்துற செம்பு தண்ணியில மாட்டும். அடர்த்தியை ஏமாத்தணும்னா ஈயத்தோட வெள்ளீயம் கலந்து 10.5க்கு கொண்டு வரலாம், ஆனா அது மின்சாரம் சரியா கடத்தாத கழுதை, டிடெக்டர்ல உடனே விழும். ரெண்டையும் ஒரே நேரத்துல ஏமாத்துற மலிவான உலோகம் கிடைக்கிறது கஷ்டம்.

செய்யிற விதம் லேசு. 0.01 கிராம் காட்டுற சின்னத் தராசு, ஒரு பிளாஸ்டிக் கப், தையல் நூல். முதல்ல காசை காய்ஞ்ச நிலையில நிறுங்க. பிறகு தண்ணி விட்ட கப்பை தராசு மேல வச்சு பூச்சியம் ஆக்கி, காசை நூல்ல கட்டி முழுசா முங்குற மாதிரி தொங்க விடுங்க, அடியில முட்டக்கூடாது, பக்கத்துலயும் முட்டக்கூடாது. அப்ப தராசுல வாற கிராம்தான் காசோட கன அளவு. முதல் எடையை இதால பிரிச்சா அடர்த்தி. காசுல காத்துக்குமிழ் ஒட்டியிருந்தா கணக்கு பிழைக்கும், ஒருக்கா நூலை ஆட்டி விடுங்க, இல்லாட்டி தண்ணியில ஒரு துளி டிஷ் வோஷ் விடுங்க.

உதாரணத்துக்கு 1957 புத்த ஜயந்தி 5 ரூபா, 925 வெள்ளி (ஆயிரத்துக்கு 925 பங்கு), 28.28 கிராம். தண்ணியில 2.73 கிட்ட காட்டணும். அதையே குப்ரோநிக்கல்ல வார்த்திருந்தா 3.18. இந்த வித்தியாசத்துக்கு கண்ணாடி கூட தேவையில்ல. ராணி ரூபா 11.66 கிராம், 917 வெள்ளி, 1.13 வரணும், சின்னக் காசுங்கிறதால கை நடுங்காம ரெண்டு மூணு தரம் எடுங்க.

ராமர் பட்டாபிஷேகம் போட்டு 1818, கிழக்கிந்தியக் கம்பெனின்னு எழுதின காசு காட்டினா நிறுக்கக்கூட வேணாம், கம்பெனி அப்பிடி ஒரு காசு அடிக்கவே இல்ல. அரிசியை இழுக்கும், சக்தி இருக்குன்னு வேற கதை விடுவானுகள்.

செட்டியார் தெரு பக்கம்:
இவ்வளவு ஏன் பாடுபடுறீங்க, எங்க தெருவுல பெரிய நகைக்கடைகள் சிலதுல எக்ஸ்ரே மெஷின் இருக்கு, வச்சா நொடியில வெள்ளி எத்தன வீதம்னு வந்துரும். இல்லாட்டி தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபையில குடுங்க.

சோல்டர் மச்சான்:
எக்ஸ்ரே மெஷின் நல்லதுதான் அண்ணே, ஆனா அது மேல்தோலை மட்டும்தான் படிக்கும், சில பத்து மைக்ரோன், அவ்வளவுதான். தடிச்ச வெள்ளித்தோல் போட்ட செம்புக்கட்டிக்கு அது அழகா 99.9ன்னு சேர்ட்டிபிகட் குடுத்துரும். காசுக்கு ஓகே, கட்டிக்கு மட்டும் அத நம்பி சல்லி குடுக்க வேணாம்.

மட்டக்குளி நானா:
தம்பி எல்லாம் சரி, அந்த மெஷினை வீட்டை விட்டு வெளிய எடுக்காதீங்கோ. ஸ்கேனரோட புதையல் தோண்டப் போனாங்கன்னு ஆக்கள் புடிபடுற நியூஸ் எந்த நாளும் வருது. காசு பாக்கத்தான் கொண்டு போறன்னு பொலிசுக்கு விளங்கப்படுத்த ஏலுமா?

வெள்ளவத்தைக்காரன்:
நானா சொன்னதும் சரி, புறக்கோட்டைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போற ஐடியாவை விட்டாச்சு. ஆள் தெரிஞ்சவர் எண்டபடியால காசு கொஞ்சம் வீட்டை கொண்டுபோய் பாக்கத் தந்தார். தராசும் வாங்கியாச்சு. விக்டோரியா ரெண்டும் டிடெக்டர்ல நல்ல மேல, தண்ணியிலயும் சரி. மூண்டாவது விக்டோரியா, அந்த 1984 ரெண்டு ரூபாக் குத்தியோட ஒரே இடத்தில நிக்குது, அது அவருக்கே திரும்பப் போகுது. குழப்பம் என்னண்டா ஜோர்ஜ் ராசா ரூபா, 1944. அதுவும் கீழதான் காட்டுது, தண்ணிக் கணக்கிலயும் 10க்கு கீழ வருது. ஆனா பாக்க அச்சு அசல் ஒரிஜினல் மாதிரி இருக்கு, விளிம்பு எல்லாம் கூர்மையா. டூப்பா?

பழங்காசு கொட்டாஞ்சேனை:
இல்ல தம்பி, அத திருப்பிக் குடுத்துறாதீங்க. 1940ல இருந்து யுத்த காலத்துல வெள்ளியைக் குறைச்சு 500க்கு இறக்கிட்டாங்க, பாதி வெள்ளி, 40 வீதம் செம்பு, மிச்சம் நிக்கல் 5 வீதம், நாகம் (சிங்க்) 5 வீதம். நிக்கல் சேந்தா கடத்துதிறன் விழுந்துரும், அதான் மெஷின் அப்பிடி காட்டுது. ஒரிஜினலே அப்பிடித்தான். எங்கட சிலோன் 50 சதமும் இதே மாதிரி, முந்தி 800 வெள்ளி, 1919ல இருந்து 550. வருசத்தைப் பாக்காம நம்பரை மட்டும் பாத்தா நல்ல காசையும் தூக்கி எறிஞ்சிருவீங்க. ஆனா அதுக்கு விக்டோரியா விலை சொன்னாருன்னா குடுக்காதீங்க, உள்ள இருக்கிற வெள்ளி கிட்டத்தட்ட பாதிதான். 1947 ரூபா வந்தா அதுல வெள்ளியே இல்ல, நிக்கல், காந்தத்துல ஒட்டும்.

வெள்ளவத்தைக்காரன்:
பெரிய உதவி அண்ணே. அந்த சீல் பண்ணின பார்?

சோல்டர் மச்சான்:
கட்டிக்கு டிடெக்டர் சரிவராது. பெருசா தடிப்பா இருந்தா அலுமினியமும் மேலதான் காட்டும், வெள்ளித்தோல் ஒரு மில்லிமீட்டர் தாண்டினா உள்ள என்ன இருக்குன்னு மெஷினுக்கு தெரியவும் தெரியாது. சுத்த வெள்ளி ஒரு அவுன்ஸ் 31.1 கிராம், தண்ணியில 2.96 அளவு, அதே கட்டி செம்புல 26.5 கிராம்தான் இருக்கும், எடையை சரிக்கட்டணும்னா தடிப்பை கூட்டியிருப்பான். ஆனா இதெல்லாம் சீலைக் கழட்டினாத்தான். கவருக்கு மேலால பாக்கிற சிக்மா மெட்டாலிட்டிக்ஸ் மாதிரி மெஷின் இருக்கு, ஒரு கட்டிக்காக அதை வாங்குறது வீண் செலவு. கழட்டி தண்ணியில போட்டுக் காட்டச் சொல்லுங்க, மாட்டேன்னா பாரை விட்டுட்டு பழங்காசை மட்டும் வாங்கிட்டு வாங்க.