ஞாயிறு ஆராதனையை நேரலையாக விடலாமா? மலைக் கிராமத்துப் பெரியவர்களுக்காகக் கேட்கிறேன்

ஏற்காடு சபையார்:
நாகலூர், செம்மநத்தம் பக்கம் நடமாட முடியாத பெரியவர்கள் சிலர் எங்கள் சபையில் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஆராதனையை யூடியூபில் விடலாம் என்று கமிட்டியில் பேச்சு. மொபைலும் சின்ன மிக்சரும் உண்டு. சிக்னல்தான் சரியில்லை. பாட்டுக்குக் காப்புரிமைத் தொல்லை வருமா? நடக்கக்கூடியவர்களும் வீட்டிலேயே தங்கிவிடுவார்களோ என்ற கவலையும் இருக்கிறது.

ஒலிமேடை, சேலம்:
மொபைலில் நேரலை விட சேனலுக்கு 50 சந்தாதாரர்களாவது வேண்டும். கணினி வழியென்றால் இந்த நிபந்தனை இல்லை. முதல்முறை அனுமதி வர 24 மணி நேரம் வரை ஆகும், சனிக்கிழமை ராத்திரி ஆரம்பிக்காதீர்கள். 720பி படத்துக்கு 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்) என்று வைத்தால், ஒன்றரை மணி நேர ஆராதனைக்கு 2.7 ஜிபி போகும். அப்லோடு வேகம் அந்த 4 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு பங்கு இல்லையென்றால் பிரசங்கத்தின் நடுவே நின்றுவிடும்.

உங்கள் ஊருக்குப் படமே வேண்டாம் என்பேன். ஒலியை மட்டும் 32 கேபிபிஎஸ் (நொடிக்கு 32 கிலோபிட்) மோனோவில், அதாவது ஒற்றைத் தடத்தில், பதிவு செய்தால் ஒரு மணி நேரம் 15 எம்பிக்குள் அடங்கும். மதியம் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் சிக்னல் கிடைக்கும்போது இறங்கிக்கொள்ளும்.

மிக்சர் அவுட்டை நேராக மொபைலின் மைக் துளையில் சொருகாதீர்கள். மிக்சரிலிருந்து வருவது லைன் லெவல், அதாவது மைக்கைவிடப் பலமான சிக்னல், மைக் உள்ளீடு அதைத் தாங்காது, குரல் கிழிந்து கேட்கும். நடுவில் அந்த ஒலியை மொபைலுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வேண்டும். இன்னொன்று: மிக்சரில் போதகர் குரலும் கீபோர்டும்தான் இருக்கும், சபை பாடுவது இருக்காது. ஜனங்களைப் பார்த்தபடி ஒரு மைக் வையுங்கள். வீட்டில் படுத்திருப்பவருக்குச் சபையார் சேர்ந்து பாடுவது கேட்க வேண்டும், அதுதான் அவருக்குப் பெரிய ஆறுதல்.

கீர்த்தனைப் பிரியர்:
மத நிகழ்ச்சியில் பாடுவதற்கு 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. இணையத்தில் ஏற்றுவதற்கும் அதுவே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்த பாட்டுகளுக்கு உரிமைச் சிக்கல் இல்லை. வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) பாட்டுகளைத் தாராளமாகப் பாடலாம். பழைய பாட்டுக்குப் புது மெட்டுப் போட்டிருந்தால் அந்த மெட்டுக்கு உரிமை தனி. கரோக்கி டிராக்கை ஓடவிட்டால் யூடியூப் அந்த ஒலிப்பதிவைக் கண்டுபிடித்து நேரலையையே நிறுத்தக்கூடும். கீபோர்டோ ஆர்மோனியமோ வாசித்துப் பாடுங்கள்.

அஸ்தம்பட்டி வாசகர்:
சபை கூடிவருவதை விட்டுவிடக் கூடாது என்கிறது எபிரெயர் 10:25. அதனால் பொதுவில் போடாமல், அந்த வீடுகளுக்கு மட்டும் அனுப்புங்கள். யூடியூபில் தேடலில் வராதபடி 'அன்லிஸ்டெட்' வைத்தாலும் இணைப்பு கைமாறினால் யாரும் பார்க்கலாம், மறக்க வேண்டாம். ஜெப விண்ணப்பத்தில் பெயரும் வியாதியும் சொல்வார்கள். அந்த நேரம் பதிவை நிறுத்திவிடுங்கள். ஒருவருடைய நோய் ஊரெல்லாம் சுற்றுவது அன்பல்ல.

பதிவு போகிறதே என்று வீடு சந்திப்பு நின்றுவிட்டால், இதைத் தொடங்காமலே இருப்பது மேல். மத்தேயு 25:36 சொல்வது வியாதியாயிருந்தவரை நேரில் விசாரிக்க வந்ததைப் பற்றி. மூன்று வீட்டுக்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுங்கள். போகிறவர் அடுத்த ஞாயிறு பாட்டு எண்களையும் வேதபகுதியையும் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கொடுத்து வரட்டும், கேட்கும்போது கூடவே பாடுவார்கள். திருவிருந்துக்கு ஆயர் வீட்டுக்குப் போகும் நாளையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடலாம்.

ஏற்காடு சபையார்:
நன்றி ஐயா. ஒலிப்பதிவு மட்டும் என்றே கமிட்டியில் சொல்கிறேன். ஜனங்கள் பக்கம் வைக்கும் மைக்கை ஸ்பீக்கரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்?

ஒலிமேடை, சேலம்:
தூரத்தைவிடத் திசை முக்கியம். மைக்கின் முதுகு ஸ்பீக்கரைப் பார்க்கட்டும். மிக்சரில் அந்த மைக்கின் சேனலைப் பதிவுக்கு மட்டும் அனுப்புங்கள், ஹால் ஸ்பீக்கருக்கு விட்டால் ஊளையிடும்.