அம்மாவின் முடக்குவாதமும் குடல் பாக்டீரியாவும்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மேலூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 52, இருபது வருஷமாக மல்லிகைப்பூ கட்டுகிறவர். நாலு மாதமாகக் காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் போனால்தான் கையில் நார் பிடிக்க வருகிறது. முடக்குவாதத்தைக் கண்டுபிடிக்க எடுக்கும் ஆன்டி சிசிபி என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். முடக்குவாதம் என்று சொல்லி, வாரம் ஒரு நாள் சாப்பிட, நோயை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

காரணம் தேடியபோது குடல் பாக்டீரியா பற்றிப் படித்தேன். 2013-ல் நியூயார்க்கில் வந்த ஆய்வில், நோய் புதிதாகத் தெரிந்து மருந்து தொடங்காதவர்களில் 75 சதவீதம் பேரின் குடலில் பிரிவோடெல்லா கோப்ரி என்ற பாக்டீரியா இருந்தது. நோயில்லாதவர்களில் சுமார் 21 சதவீதம்தான். ஆனால் தானியம், காய்கறி அதிகம் சாப்பிடும் ஆரோக்கியமானவர்களிடமும் பிரிவோடெல்லா நிறைய இருக்குமாம். அதனால் அதை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைக் கேட்ட சித்தப்பா, "குடலைச் சரி பண்ணு, மாத்திரையை நிறுத்து" என்கிறார். நிறுத்த விடமாட்டேன். மூட்டு அரித்துவிட்டால் திரும்ப வராது.

மருந்தோடு சேர்த்து புரோபயாடிக் (குடலுக்கு நல்லது என்று கொடுக்கும் பாக்டீரியா) எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் டாக்டர் என்ன சொன்னார்? தினமும் காலையில் அம்மா சாப்பிடும் பழைய சோறு தொடரலாமா? மதுரையில் பொறுமையாகப் பேசும் மூட்டுவாத நிபுணர் தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், இந்த நோயோடு பூக்கட்டும் அக்காமார் யாராவது இருந்தால், கை வலியை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அவசியம் எழுதுங்கள்.