மான்கூர்டில் ஒரு கோடை: கணித ஒலிம்பியாட் முகாம் அனுபவம்

பள்ளிப் பிள்ளைகளுக்கான சர்வதேசக் கணக்குப் போட்டியான கணித ஒலிம்பியாடின் பயிற்சி முகாமுக்குப் போய் வந்தவன் என்று தெரிந்தால் பெற்றோர்கள் முதலில் கேட்பது, "அங்க எந்த புக் நடத்துவாங்க?" என்றுதான். பள்ளி நாட்களில் மும்பை மான்கூர்டில் இருக்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் ஒரு கோடையை அந்த முகாமில் கழித்தேன். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து நடத்தி முடிக்கிற வகுப்பு இல்லை அது.

முதலில் அங்கே போகும் வழி. நம் ஊர் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் பலர் காதில் இது தாமதமாகத்தான் விழுகிறது, அது எனக்குப் பெரிய வருத்தம். இப்போது முதல் படி ஐஓக்யூஎம் என்ற தகுதித் தேர்வு: மூன்று மணி நேரம், 30 கேள்விகள், விடையை மட்டும் குறித்தால் போதும். அடுத்து வட்டாரத் தேர்வான ஆர்எம்ஓ, அப்புறம் ஜனவரி வாக்கில் தேசியத் தேர்வான ஐஎன்எம்ஓ. இந்த இரண்டிலும் நிரூபணம் எழுத வேண்டும். அதில் தேறியவர்களுக்குத்தான் கோடை முகாம். முகாமில் நடக்கும் தேர்வுகளை வைத்து நாட்டின் அணிக்கு ஆறு பேரை எடுப்பார்கள்.

முந்தைய ஆண்டுகளில் அணியில் இருந்த அண்ணன்மார் சிலர் சொல்லிக்கொடுக்க வருவார்கள். அவர்களில் ஒருவர் ஒருநாள் கரும்பலகையில் 1988 ஒலிம்பியாடின் ஆறாவது கணக்கை எழுதிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். இரண்டு மிகை முழு எண்கள். அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி, அவற்றின் பெருக்கற்பலனோடு ஒன்று சேர்த்து வரும் எண்ணால் வகுக்கிறோம். மீதியில்லாமல் வகுபட்டால், ஈவு ஒரு முழு வர்க்கம் என்று நிறுவ வேண்டும்.

மதியச் சாப்பாடு வரை யாருக்கும் பிடி கிடைக்கவில்லை. அவர் ஒரு துப்பும் தரவில்லை. கடைசியில் பின்வரிசைப் பையன் ஒருவன் எண்களைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தான். 30, 8: வர்க்கங்களின் கூடுதல் 964, அதை 241-ஆல் வகுத்தால் 4. 8, 2: கூடுதல் 68, வகுப்பது 17, மறுபடியும் 4. நாலையும் எட்டையும் பெருக்கி 30-ஐக் கழித்தால் வருவது 2 என்று அவன் சொன்னதும் அறை நிமிர்ந்தது. ஈவையும் சிறிய எண்ணையும் மாற்றாமல் வைத்தால் பெரிய எண் ஓர் இருபடிச் சமன்பாட்டின் மூலம், அதாவது தீர்வு. அதன் இன்னொரு மூலம் இன்னும் சிறிய எண். அதே வேலையைத் திரும்பச் செய்தால் 8, 2 என்பது 2, 0 ஆகிறது. ஓர் எண் பூஜ்யமானால் ஈவு மற்றதன் வர்க்கம்தானே! படிப்படியாக இறங்கும் இந்த உத்தியை ஐந்தே நிமிடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த அரை நாள் திணறல் இல்லாமல் அது மனதில் இப்படி ஒட்டியிருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

பயிற்சித் தேர்வுகள் அசல் ஒலிம்பியாட் மாதிரியே: நாலரை மணி நேரம், மூன்று கணக்குகள், ஒவ்வொன்றுக்கும் 7 மதிப்பெண். விடை சரியாக இருந்து வாதத்தில் ஓட்டை இருந்தால் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். 'வெளிப்படை' என்று எழுதிய இடங்களில் வட்டம் போட்டு 'ஏன்?' என்று கேட்டிருப்பார்கள். பள்ளியில் யாரும் எங்களை அப்படிக் கேட்டதில்லை.

அணியில் இடம் கிடைக்காவிட்டால் எல்லாம் வீண் என்று நினைக்கும் பெற்றோர்களுக்கு ஒன்று: முகாமுக்கு வரும் பெரும்பாலானவர்களுக்கு அந்த ஆறு இடம் கிடைக்காது, எனக்கும் கிடைக்கவில்லை. எதையும் இழந்ததாக நான் நினைக்கவில்லை. கணிதத்தையே படிக்க நினைக்கும் பிள்ளைக்குச் சிறுசேரியில் சென்னை கணிதக் கழகம் இருக்கிறது.

எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், பழைய ஆர்எம்ஓ கேள்வித்தாள்களை ஹோமி பாபா மையத்தின் இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு மாலைக்கு ஒரு கணக்கு போதும். அன்று வரவில்லையென்றால் மறுநாளும் அதே கணக்கு; விடைப்பக்கத்தை அதுவரை காட்டாதீர்கள்.