கழுதை கத்திய 17 வருஷம்: பக் ஓவன்ஸைக் கெடுத்தது டிவியா?

ஆறுகம்பி:
நேத்து ராத்திரி தூக்கம் வராம யூடியூபில் 'ஹீ ஹா' துண்டு ஒண்ணு பார்த்தேன். தெரியாதவங்களுக்கு: 1969 ஜூன் 15 அன்னைக்கு அமெரிக்காவில் சிபிஎஸ் சேனலில் ஆரம்பிச்ச வெரைட்டி ஷோ. கன்ட்ரி பாட்டும் (அமெரிக்கக் கிராமத்து இசை) கிராமத்துக் கடி ஜோக்கும் சரிபாதி. பேரே கழுதை கத்தற சத்தம்தான். கார்ட்டூன் கழுதை ஒண்ணு நடுநடுவே வந்து பல்லைக் காட்டிட்டுப் போகும். பக் ஓவன்ஸ், ராய் கிளார்க்னு ரெண்டு கன்ட்ரி பாடகர்கள் நடத்துனாங்க.

நான் பார்த்த துண்டில் பக் கையில் சிவப்பு-வெள்ளை-நீலக் கிட்டார், ராய் கையில் பான்ஜோ. "நான் மீட்டுறேன்!"னு இவர் கத்துறார், "நான் இளிக்கிறேன்!"னு அவர் கத்துறார். கொஞ்சம் வாசிப்பு, டக்குனு நிறுத்தம், ஒரு ஜோக். மறுபடி அதே வாசிப்பு, இன்னொரு ஜோக். இப்படியே போகுது. பாட்டு எப்ப வரும்னு காத்திருந்தேன், வரவே இல்ல.

கணக்கைப் பாருங்க. பில்போர்டு பத்திரிகையோட கன்ட்ரி ஹிட் பட்டியலில் பக்குக்கு மொத்தம் 21 முதலிடம். ஷோவுக்கு முன்னாடி 17. ஷோவில் இருந்த 17 வருஷத்தில் 3. 1986-ல் வெளியே வந்த பிறகு 1. பீட்டில்ஸே இவர் பாட்டை எடுத்துப் பாடியிருக்காங்க, 1965-ல், ரிங்கோ குரலில். அப்படிப்பட்ட ஆளை சோளக்காட்டு செட்டுக்குள்ள நிறுத்தி ஜோக் சொல்ல வெச்சுட்டாங்க. கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதைன்னு இதைச் சொல்லாம வேற எதைச் சொல்றது?

வானொலிப்பித்தன்:
ஆறுகம்பி சார், கணக்கு சரி, முடிவு அவசரம். அந்த மூன்று முதலிடங்களும் எப்போது வந்தன? 1969-ல் இரண்டு, 1972-ல் ஒன்று. ஷோ விஷம் என்றால் குடித்த மூன்றாவது வருடமும் ஆள் எப்படி ஓடினார்?

பட்டியலை எடுத்துக்கொண்டு 1974-ல் ஒரு கோடு போடுங்கள். ஜூலை 17. டான் ரிச் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த நாள். வயது 32. டான் யார் என்று தெரியாமல் பக் ஓவன்ஸைப் பற்றிப் பேச முடியாது. பக்குக் கிடைத்தபோது பிடில் வாசிக்கும் பள்ளிக்கூடப் பையன். பிறகு டெலிகாஸ்டர் கிட்டாரில் அந்தக் கண்ணாடிச் சில்லு சத்தத்தைக் கொண்டுவந்தவர், மேல்ஸ்தாயியில் ஒட்டிப் பாடுபவர். பழைய பாட்டு எதையாவது போட்டுக் கேளுங்கள், எது பக் குரல், எது டான் குரல் என்று பிரிக்கவே நேரமாகும். நாதஸ்வரத்துக்கு ஒத்து மாதிரி என்று சொல்லலாம், அதுகூடக் குறைச்சல்தான். அந்த மரணத்தோடு தன் இசை வாழ்க்கையும் முடிந்தது என்று பக்கே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவரே சொன்ன காரணத்தை விட்டுவிட்டுக் கழுதையைப் பிடித்து அடிக்கிறீர்கள்.

சும்மாவந்தவன்:
கழுதை பாவம்பா. அவர் பேரே கழுதை கொடுத்ததுதான். நிஜப் பேர் ஆல்விஸ் எட்கர் ஓவன்ஸ். வீட்டுப் பண்ணையில் 'பக்'னு ஒரு கழுதை இருந்துச்சாம். மூணு நாலு வயசில் வீட்டுக்குள்ள வந்து "இனிமே என் பேரும் பக்"னு அறிவிச்சுட்டாராம். டிவி கழுதை பாவம், அப்புறம்தான் வந்துச்சு.

ஆறுகம்பி:
@வானொலிப்பித்தன், டான் ரிச் விஷயம் ஒத்துக்கிறேன், அதில் தகராறே இல்ல. ஆனா ஷோவைப் பத்தியும் பக்கே பேசியிருக்கார். பெரிய செக்கை வேண்டாம்னு சொல்ல முடியல, அதான் இருந்தேன், அதுக்கான விலையை என் பாட்டு கொடுத்துச்சுங்கிற மாதிரி. ஒரு வாக்குமூலத்தை எடுத்துக்கிட்டு இன்னொண்ணை விடக்கூடாது.

அந்த மூணு முதலிடம் பத்தியும் ஒரு வார்த்தை. அதில் ஒண்ணு ராக் பாடகர் சக் பெர்ரியோட பாட்டு, லண்டன் பலேடியம் அரங்கில் நேரடியாப் பதிவானது. 'ஹீ ஹா' ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பாடி முடிச்சாச்சு. அதை ஷோ கணக்கில் எழுதுறது நானே உங்களுக்குக் கொடுத்த சலுகை.

தேன்மொழி:
இடையில் நுழையறேன். டிவியில் வாராவாரம் முகம் காட்டினாலே பாடகன் காலின்னு ஆறுகம்பி அண்ணா சொல்ற மாதிரி இருக்கு. அது உண்மையில்ல. பக் ஓவன்ஸ் 1966-லிருந்தே சொந்தமா ஒரு டிவி நிகழ்ச்சி நடத்தினார், 'ரான்ச் ஷோ'. ஓக்லஹோமா சிட்டி ஸ்டுடியோவில் எடுத்து பல ஊர்ச் சேனல்களுக்கு வித்தாங்க, 1973 வரைக்கும் ஓடுச்சு. அதில் என்ன பண்ணினார்? நின்னார், பாடினார், பேண்ட் வாசிச்சது, அடுத்த பாட்டு. அவ்வளவுதான். அந்த வருஷங்களில்தான் முதலிடம் மேல முதலிடம். அதனால டிவி கெடுக்கல, ஜோக் கெடுத்ததுன்னு வேணா சொல்லுங்க.

கன்ட்ரி பாடகி டாலி பார்டனையும் பாருங்க. 1967-ல் பாடகர் போர்ட்டர் வேகனரோட டிவி ஷோவில் சேர்ந்தாங்க. முன்னாடி இருந்த பாடகி நார்மா ஜீன் எங்கேன்னு ஜனங்க கத்துனாங்க. ஏழு வருஷம் தாங்கினாங்க. பாட்டு ஒண்ணை எழுதி, அதையே போர்ட்டர்கிட்ட பாடிக் காட்டி, 1974-ல் கிளம்பிட்டாங்க. போர்ட்டர் அப்புறம் கோர்ட்டுக்குப் போனார், டாலி பணம் கொடுத்துத் தீர்த்தாங்க. ஏழாவது வருஷம் எழுந்து போனவங்க எங்க, பதினேழு வருஷம் உட்கார்ந்தவர் எங்க!

வானொலிப்பித்தன்:
தேன்மொழி, டாலிக்கு அந்த ஷோ அடுத்தவர் வீடு, கிளம்பத்தான் வேண்டும். பக்குக்கு இது சம்பளம். எவ்வளவு தெரியுமா? வருடத்துக்கு சுமார் 4 லட்சம் டாலர் என்று எழுதப்பட்டிருக்கிறது. அதுவும் 1970-களில். வேலை? வருடத்தில் இரண்டு முறை கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் போய்ச் சில வாரம் இருப்பது. சோளக்காட்டு ஜோக் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுப்பார்கள், பாட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுப்பார்கள், அப்புறம் வெட்டி ஒட்டி வருடம் பூராவும் ஓட்டுவார்கள்.

பணத்தாசை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். 1929-ல் டெக்ஸாஸில் குத்தகை விவசாயி வீட்டில் பிறந்தவர். மண்புயலும் பஞ்சமும் துரத்த, 1937-ல் குடும்பம் காரின் பின்னால் டிரெய்லர் கட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்குக் கிளம்பியது. ஃபீனிக்ஸ் வந்ததும் டிரெய்லர் கொக்கி உடைந்தது. அங்கேயே தங்கிவிட்டார்கள். அதுதான் அவர்கள் வசதி. பருத்தி பறித்து வளர்ந்த பையன். அவனிடம் போய் "செக்கைத் திருப்பிக் கொடு, கலை கெட்டுவிடும்" என்று யார் சொல்வது? நீங்களா, நானா? ரேடியோ நிலையம் வாங்கினார், பாட்டு உரிமை நிறுவனம் வைத்தார், தன் காசை எண்ணத் தெரிந்த கன்ட்ரி பாடகர்கள் அந்தக் காலத்தில் ரொம்பக் குறைவு.

இன்னொன்று: 1971-ல் சிபிஎஸ் கிராமத்து வாசனை அடிக்கும் நிகழ்ச்சிகளை எல்லாம் ஒட்டுமொத்தமாக நிறுத்தியது. ஒரு மரம் தெரிந்தால்கூட வெட்டிவிட்டார்கள் என்று அப்போதே கிண்டல். 'ஹீ ஹா'வும் போனது. ஆனால் தயாரித்தவர்கள் ஊர் ஊராகச் சேனல்களுக்கு நேரே விற்று இன்னும் இருபது வருடம் ஓட்டினார்கள். ஜனம் பார்த்தது. ஜனத்துக்குப் பிடித்ததை நாம் யூடியூபில் நள்ளிரவு பார்த்து முகம் சுளிக்கிறோம்.

ஆறுகம்பி:
பருத்தி பறிச்ச கதையைச் சொல்லி என் வாயை அடைக்கப் பார்க்காதீங்க சார் :) அவர்மேல எனக்குக் கோபமே இல்ல. வருத்தம்தான். 1965-ல் இதே மனுஷன் ஒரு இசைப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து சத்தியம் பண்ணினார்: கன்ட்ரி இல்லாத பாட்டைப் பாடமாட்டேன், கன்ட்ரி இல்லாத ரெக்கார்டு போடமாட்டேன்னு. நாஷ்வில்காரங்க வயலின் கூட்டத்தைச் சேர்த்துப் பாட்டை வழுக்க வெச்சப்ப, கலிபோர்னியாவில் தன் ஊரான பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து முரட்டுத்தனமா வாசிச்சவர். அடுத்த வருஷம் நியூயார்க்கின் பேர்போன கச்சேரி அரங்கம் கார்னகி ஹாலில் பாடினார். பட்டணத்தான் முன்னாடி நிமிர்ந்து நின்ன ஆள். அதே ஆள் மூணே வருஷத்தில், பட்டணத்தான் கிராமத்தானை எப்படிக் கற்பனை பண்ணுவானோ அப்படியே வேஷம் கட்டிட்டு நிக்கிறார். அந்த ஷோவை உருவாக்குன ரெண்டு பேரும் கனடாக்காரங்க, பெப்பியாட், எய்ல்ஸ்வொர்த்.

இப்ப என்னோட பெரிய சாட்சி. 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் பேக்கர்ஸ்ஃபீல்ட்' பாட்டு. ஹோமர் ஜாய் எழுதினது. பக் அதை 1973 ஆல்பத்தில் பாடியிருக்கார், ஷோ உச்சத்தில் இருந்தப்ப. ஒருத்தரும் சீந்தல. 1986-ல் ஷோவை விட்டார். 1988-ல் டுவைட் யோக்கமோட சேர்ந்து அதே பாட்டு. முதலிடம்! முந்தைய முதலிடம் வந்து 16 வருஷத்துக்கு அப்புறம். ஒரே பாட்டு, ஒரே குரல். மாறினது என்ன? கழுதை இல்ல.

வானொலிப்பித்தன்:
மாறியது டுவைட் யோக்கம்! இளவட்டம், கிழிந்த ஜீன்ஸ், கண்ணை மறைக்கும் தொப்பி, அப்போது உச்சத்தில் இருந்தவர். 1987-ல் பேக்கர்ஸ்ஃபீல்டில் கெர்ன் கவுண்டி கண்காட்சிக்குப் பாட வந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் பக் அலுவலகத்துக்குள் நுழைந்து "இன்று ராத்திரி என்னோடு மேடைக்கு வாருங்கள்" என்று கூட்டிப்போனவர். தவிர, 1973-ல் அந்தப் பாட்டு ஆல்பத்தின் உள்ளே கிடந்தது, தனி சிங்கிளாக விடவே இல்லை. ரேடியோவுக்குப் போகாத பாட்டு தோற்றது என்பது பரீட்சை எழுதாதவன் ஃபெயில் என்பது மாதிரி.

ஆறுகம்பி:
சரி, அது என் தப்பு. சிங்கிள் விஷயம் தெரியாது.

சும்மாவந்தவன்:
இந்தத் தளத்தில் ஒருத்தர் "என் தப்பு"ன்னு எழுதினதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டேன். ஃபிரேம் போடப்போறேன்.

பள்ளத்தாக்குக்காரன்:
பதினோரு வருஷமா ஃப்ரெஸ்னோ பக்கம் இருக்கேன். பேக்கர்ஸ்ஃபீல்ட் ரெண்டு மணி நேரம். பக் ஓவன்ஸ் 1996-ல் கட்டின கிறிஸ்டல் பேலஸுக்கு ஒரு தடவை போயிருக்கேன். கீழே சாப்பாட்டு மேசைகள், எதிரே மேடை, சுவரெல்லாம் அவர் சட்டையும் கிட்டாரும். பாருக்கு மேல ஒரு முழு பாண்டியாக் கார் சாய்ச்சு மாட்டியிருக்கும். கதவுக் கைப்பிடி துப்பாக்கி, முன்னாடி துப்பாக்கி, உள்ளே வெள்ளிக் காசு பதிச்சது. நூடி கோன்னு ஒரு தையல்காரர் அலங்காரம் பண்ணினது. அதைப் பார்த்துக்கிட்டே ஸ்டேக் சாப்பிட்டது ஞாபகம் இருக்கு, ஸ்டேக் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இல்ல.

பக்கத்து மேசையில் ஒரு வயசான தம்பதி. நான் டெலிகாஸ்டர், கார்னகி ஹால்னு பேச ஆரம்பிச்சேன். அந்த அம்மா சிரிச்சுட்டு, சனிக்கிழமை சாயந்திரம் அப்பா மடியில் உட்கார்ந்து 'ஹீ ஹா' பார்த்ததைச் சொன்னாங்க. அந்தச் சுவிசேஷப் பாட்டு நால்வர், பக், ராய், கிராண்ட்பா ஜோன்ஸ், கென்னி பிரைஸ், அவங்க வந்தா மட்டும் வீட்டில் யாரும் பேசக்கூடாதாம். ஜோக் ஒண்ணுகூட அந்த அம்மாவுக்கு ஞாபகம் இல்ல. அந்த நால்வர் பாட்டு இருந்துச்சு.

அப்புறம், ஆறுகம்பி சொன்ன "சீந்தல"க்கு நான் ஒரு காரணம் சேர்க்கறேன். கேப்பிட்டல் ரெக்கார்டு கம்பெனியோட போட்ட ஒப்பந்தத்தில் பழைய பதிவுகளின் உரிமை பிற்பாடு தனக்கே திரும்பணும்னு பக் எழுதி வாங்கிட்டார். கெட்டிக்காரத்தனம். ஆனா கைக்கு வந்ததும் பூட்டி வெச்சுட்டார். வருஷக்கணக்கா கடையில் அவர் பழைய ரெக்கார்டு எதுவும் கிடைக்காது. 1992-ல் ரைனோங்கிற ரெக்கார்டு கம்பெனி மூணு டிஸ்க் பெட்டி போட்டப்புறம்தான் நிலைமை மாறுச்சு. நடுவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு பக் ஓவன்ஸ்னா டிவியில் இளிக்கிற ஆள் மட்டும்தான், ஏன்னா வேற பக் ஓவன்ஸ் விற்பனைக்கே இல்ல.

தேன்மொழி:
இது எனக்குப் புதுசு. அப்ப ஷோ அவரைக் கெடுக்கல, எதிர்த்துப் பேச வேண்டிய பாட்டு கடையில் இல்லாததுதான் கெடுத்துச்சுன்னு ஆகுது. ராய் கிளார்க்குக்கு இந்தப் பிரச்சினையே வரல பாருங்க. அதே ஷோ, அதே வைக்கோல். 1973-ல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் வருஷத்துக் கலைஞர் விருது.

ஆறுகம்பி:
ராய் பிறவிக் கோமாளிம்மா, கோமாளின்னா திட்டு இல்ல. கிட்டாரும் பான்ஜோவும் அசுர வாசிப்பு, கூடவே கண்ணை உருட்டுவார். சிபிஎஸ் துரத்தினதையே ஒரு பாட்டாப் பாடி ஹிட் ஆக்கினவர். அவருக்கு அந்த மேடை சட்டை மாதிரி, அளவெடுத்துத் தைச்சது. பக் மேல அது தொங்குச்சு. பள்ளத்தாக்குக்காரர் சொன்ன ரெக்கார்டு விஷயம் பலமானது, ஏத்துக்கறேன். ஆனா அந்த அம்மாவுக்கு நால்வர் பாட்டுதான் ஞாபகம்னா அது என் கட்சிக்குத்தான் வரும். பாடினது நின்னுச்சு.

வானொலிப்பித்தன்:
அந்தப் பாட்டை அந்த அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது எது? நீங்கள் திட்டும் அதே ஷோ.

பள்ளத்தாக்குக்காரன்:
சண்டையை நிறுத்தச் சொல்லல, நடக்கட்டும். கடைசி ராத்திரியைச் சொல்லிடறேன், இங்கே எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. 2006 மார்ச் 24, வெள்ளிக்கிழமை. கிறிஸ்டல் பேலஸில் சாப்பிட்டார், உடம்பு சரியில்ல, பாடலைன்னு சொல்லிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். வெளியே ரசிகர்கள் சில பேர், உங்க பாட்டைக் கேட்க ஓரிகனிலிருந்து வந்தோம்னாங்க. திரும்பி உள்ளே போய் மேடை ஏறினார். பாடி முடிச்சு வீட்டுக்குப் போய்ப் படுத்தவர், எழுந்திருக்கல. மார்ச் 25. கார்னகி ஹால் கச்சேரி நடந்து சரியா 40 வருஷம்.

ஆறுகம்பி:
அன்னைக்கு என்ன பாடினார்னு யாருக்காவது தெரியுமா?

சும்மாவந்தவன்:
ஜோக் சொல்லலைன்னு மட்டும் நினைச்சுக்கோங்கண்ணே, தூக்கம் வரும்.