"செட்" என்பதற்கு ஒரே தமிழ்ச்சொல் போதுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

மென்பொருள் தமிழாக்கத்தில் "செட்" (set) என்ற ஆங்கிலச்சொல் வருமிடமெல்லாம் "தொகுப்பு" என்றே எழுதிவிடலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. 1989இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு இச்சொல்லுக்குரியதே. சேலத்துப் பேச்சிலேயே தோட்டத்தில் பம்புசெட் ஓடுகிறது, கான்கிரீட் செட் ஆகிறது, பிடிக்காத வேலை செட் ஆவதில்லை. கொத்தனார் சொல்வதை "இறுகுதல்" என்றும், கடைசியில் வருவதை "ஒத்துவருதல்" என்றும் தயக்கமின்றி எழுதிவிடுகிறோம்.

நிரலாக்கத்தில்தான் கவனம் தேவை. அங்கே ஒரு தரவு வகைக்கு இப்பெயர் உண்டு. அதில் ஒரே உறுப்பு இருமுறை இடம்பெறாது, உறுப்புகளின் வரிசையும் பொருட்டன்று. நம்மூர்த் தட்டுவடை செட்டில் இரண்டும் நேர்மாறு. மேலும் கீழும் தட்டுவடை இருந்து, நடுவில் சட்னியும் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் இருந்தால்தான் அது செட். ஒரே மாதிரியானதை ஒருமுறைதான் கணக்கிடுவேன் என்று கடைக்காரர் ஒரு தட்டுவடையை எடுத்துக்கொண்டால் யாரும் காசு கொடுக்கமாட்டோம். ஆகவே கடையில் கிடைப்பது தொகுப்பு, நிரலாளர் கையாள்வது கணம். தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில் கணம், உட்கணம், வெற்றுக்கணம் ஆகியவை ஏற்கெனவே வேரூன்றிவிட்டன. இலங்கை வழக்கான "தொடை" நல்ல சொல்தான். எனினும் தொடுத்தல் என்றவுடன் பூமாலையைப் போல ஒரு வரிசை மனத்தில் தோன்றிவிடுவது இவ்விடத்திற்குப் பொருந்தவில்லை. "கணம்" நொடிப்பொழுதையும் குறிக்குமே என்ற தடையைப் பெரிதாகக் கொள்ள வேண்டியதில்லை, வாக்கியமே தெளிவுபடுத்திவிடும்.

வினையாக வரும்போது, மாறியில் (நிரலில் ஒரு மதிப்பைத் தாங்கும் பெயரிட்ட இடம்) மதிப்பை வைப்பதற்கு "இடு" என்பது போதுமானது. திறன்பேசிகளில் "செட்டிங்ஸ்" என்பதற்குப் பழகிப்போன "அமைப்புகள்" அப்படியே இருக்கட்டும். நிரலில் ஒரு நிலை உண்டா இல்லையா என்று காட்டும் கொடிக்கு (flag) 1 தருவதும் 0 தருவதும்தான் இதுவரை இழுபறியில் உள்ளன. கோயில் திருவிழாவின் தொடக்கத்தையும் முடிவையும் கொடியைக் கொண்டே அறிகிற நமக்கு, "கொடியேற்று", "கொடியிறக்கு" என்பவை விளக்கமின்றியே புரியும் என்பதால் அவற்றை முன்மொழிகிறேன். கொடி என்று பெயரிடப்படாத தனிப் பிட்டுகளுக்கு (0 அல்லது 1 மட்டுமே கொள்ளும் தரவு அலகுகள்) "ஒன்றாக்கு", "சுழியாக்கு" என்று எழுதலாம்.