டூர் டி பிரான்ஸை நடத்துவது யுசிஐ இல்லையா?

ராயபுரம் ரைடர்:
எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுவதற்குள் சைக்கிளில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வருவோம், நாலு பேர். இன்று டீக்கடையில் வாக்குவாதம். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை யுசிஐ, அதாவது சர்வதேச சைக்கிள் சம்மேளனம், நடத்துகிறது என்று நான், இல்லவே இல்லை என்று நண்பன். தோற்றவர் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கித் தர வேண்டும். இன்னொன்று, ஒரு கடையில் 'யுசிஐ அப்ரூவ்டு' ஸ்டிக்கரைக் காட்டியே சைக்கிள் பிரேமுக்கு விலை ஏற்றிச் சொல்கிறார்கள். அது அவ்வளவு முக்கியமா?

கியர் தேஞ்சவன்:
அத்தோ உங்கள் செலவு ப்ரோ. டூரை நடத்துவது ஏஎஸ்ஓ என்கிற பிரெஞ்சு கம்பெனி. ஸ்பெயினின் பெரிய பந்தயமான வுவெல்டாவும் அவர்கள் கையில்தான், இத்தாலியின் ஜிரோ பந்தயம் மட்டும் ஆர்சிஎஸ் என்ற கம்பெனி வசம். டிவி உரிமைப் பணமெல்லாம் இவர்களுக்குத்தான் போகும். யுசிஐ 1900-ல் பாரிஸில் தொடங்கியது, இப்போது சுவிட்சர்லாந்தில் ஏகிள் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. விதி எழுதுவது, காலண்டர் போடுவது, டீம்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது, நடுவர்களை அனுப்புவது அதன் வேலை. சொந்தமாக வைத்திருப்பது, ஜெயித்தவருக்கு வானவில் ஜெர்சி தரும் உலக சாம்பியன்ஷிப். ஏஎஸ்ஓவும் யுசிஐயும் அடிக்கடி முட்டிக்கொள்ளும், 2008-ல் அது முற்றிப்போய் யுசிஐயை ஓரங்கட்டிவிட்டு பிரெஞ்சு சைக்கிள் சம்மேளனத்தின் கீழ் டூரையே நடத்திக் காட்டியது ஏஎஸ்ஓ!

வியாசர்பாடி வீல்:
அதற்காக யுசிஐ பல்லில்லாத பாம்பு என்று நினைக்க வேண்டாம். கிரேம் ஓப்ரீ என்ற ஸ்காட்லாந்துக்காரர் வாஷிங் மெஷின் பேரிங் போட்டுத் தானே செய்த சைக்கிளில் 1993-ல் ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் ஓட்டும் உலக சாதனையை முறியடித்தார் (பழைய ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் நம்ம புதுப்பேட்டைக்காரர்கள் கேட்டால் கோயிலே கட்டுவார்கள்). அடுத்த வருடமே அவர் உட்காரும் விதத்துக்குத் தடை, உலகப் போட்டியிலிருந்து வெளியேற்றம். போட்டியில் 6.8 கிலோவுக்குக் குறைவான சைக்கிள் கூடாது என்பதும் இவர்கள் போட்ட விதிதான். யுசிஐ தலைவரைத் தேர்ந்தெடுக்கும் 45 ஓட்டில் ஐரோப்பாவுக்கு 15, மொத்த ஆசியாவுக்கும் 9. இது எனக்கு இன்னும் எரிச்சல்.

பழைய அட்லஸ்:
தம்பி, அந்த ஸ்டிக்கர் பிரேம் மாடல் யுசிஐ விதிக்குப் பொருந்துகிறது என்பதற்கான அடையாளம், தரத்துக்கான கேரண்டி இல்லை. ரேஸில் இறங்குவதாக இருந்தால் பாருங்கள், அதற்கும் முதலில் இந்திய சைக்கிள் சம்மேளனம் வழியாக லைசென்ஸ் வாங்க வேண்டும். எண்ணூர் வரை போய் வர எதற்கு?

ராயபுரம் ரைடர்:
சரி அண்ணா, ஸ்டிக்கர் இல்லாத பிரேமே போதும். அதில் மிச்சமாகும் காசில்தான் அத்தோ.